கத்தியால் ஆக்கிய குளிர்காலம்: யாழ்ப்பாணத்து முந்திரிகைச் செய்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மரத்தை வெட்டுவதன் மூலம் அதனைக் காய்க்கச் செய்தல் என்பது மேலோட்டமாக நோக்குவார்க்கு முரணாகவே தோன்றும். ஆயினும் பழமரச் செய்கையின் வரலாற்றில் மண்வெட்டிக்கு ஒப்பான இடத்தைக் கத்தியும் பெற்று வந்துள்ளது. கிரேக்க நாட்டின் நௌப்பிளியா நகரில் கழுதையொன்றின் உருவம் பாறையிற் செதுக்கப்பட்டிருந்ததாகக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பயணநூல் எழுதிய பௌசானியாஸ் குறிப்பிடுகின்றார். அக்கழுதை முந்திரிகைக் கொடியின் தளிர்களைக் கடித்துத் தின்றது. கடிபட்ட கொடி பின்னர் மிகுதியாகக் காய்த்தது. அது கண்டே மக்கள் கொடியைக் கத்தரிக்கக் கற்றனர் என்பது அவ்வூரார் கூறிய கதை. கதை உண்மையோ பொய்யோ, அது சுட்டும் கருத்து உண்மையானது. கத்தரித்தல் என்பது மரத்தின் இயல்பை உற்றுநோக்கிய மனிதன், அவ்வியல்பைத் தன் தேவைக்கேற்பத் திருப்பிக்கொண்ட செயலாகும்.

இங்கு முந்திரிகை எனப்படுவது தமிழகத்தில் இன்று திராட்சை என வழங்கும் கொடியே. கொடிமுந்திரி என்ற பழைய பெயரின் வழியில் யாழ்ப்பாணத்தார் இதனை முந்திரிகை என்பர். தமிழகத்தார் முந்திரி என வழங்கும் மரத்தை மரமுந்திரிகை என வேறுபடுத்துவர். குளிர்நாட்டுக் கொடியாகிய இம்முந்திரிகை, குளிர்காலமே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வாறு காய்க்க வைக்கப்பட்டது என்னும் வினா தாவரவியலார்க்கு மட்டும் உரியதன்று. அவ்வினாவுக்கான விடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சமூக வரலாறும் அடங்கியுள்ளது.

குளிர்நாடுகளிற் கத்தரித்தல்

ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதிகளிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பகற்பொழுது குறுகிக் குளிர் ஏறத் தொடங்கும். அப்பிள், பேரி, பீச், முந்திரிகை முதலியன தம் இலைகளிற் சேர்ந்திருந்த சத்தின் ஒரு பகுதியை மரத்துக்கும் வேருக்கும் திருப்பி அனுப்பிவிட்டு இலைகளை உதிர்த்துவிடும். அதன்பின் மரம் உறங்கும். புறத்தே வெப்பம் சில நாட்களுக்கு மீண்டாலும் அரும்புகள் விழிப்பதில்லை. குறிப்பிட்டதோர் அளவு குளிரைப் பெற்ற பின்னரே அவை மலரும் தகுதியை அடைகின்றன. அப்பிளின் பல இனங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டப்படுகின்றது. முந்திரிகைக்கு இத்தேவை மிகக் குறைவு.

இலையுதிர்ந்த பின் மரத்தின் எலும்புக்கூடு வெளிப்படையாகத் தெரியும். பட்ட கிளை எது, ஒன்றோடொன்று உராயும் கிளை எது, காய்க்கும் கிளை எது என்பன ஐயமின்றிப் புலப்படும். இதனாலேயே இலையுதிர்காலத்தின் இறுதி தொடங்கி இளவேனிலுக்கு முன்பு வரையுள்ள காலம் கத்தரித்தலுக்குரிய காலமாகக் கொள்ளப்பட்டது. எனினும் இவ்விதி எல்லா மரத்துக்கும் ஒன்றன்று. கடுங்குளிர் நிலவும் இடங்களில் முன்கூட்டியே வெட்டினால் வெட்டுவாய் ஆறுவதற்குள் உறைபனி தாக்கும். ஆதலின் அங்குள்ளோர் குளிரின் கடுமை தணியும்வரை காத்திருப்பர். அக்ரூட் மரத்தைக் குளிர்காலத்தின் இறுதியில் வெட்டினால் சாறு நில்லாது வடியும். ஆகவே அதனைக் கோடையிலோ இலையுதிர்காலத்தின் தொடக்கத்திலோ வெட்டுவர். செரி, பிளம் ஆகியவற்றின் ஈரப்பருவ வெட்டுவாயிற் காளான் நோய் புகும் என அஞ்சி அவற்றைக் கோடையிலேயே கத்தரிப்பர்.

இவ்வேறுபாடுகள் அனைத்திற்கும் அடியில் பொதுவானதோர் உண்மை உண்டு. குளிர்நாட்டு உழவன் மரத்தை உறங்கவைப்பதில்லை. அதனை இயற்கையே செய்து முடிக்கின்றது. அவன் செய்வதெல்லாம் உறங்கும் மரத்தை ஒழுங்குபடுத்துவதேயாகும்.

உறங்காத மரங்களின் நாடு

தமிழ் மரபிலே பெரும்பொழுது ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் இலை உதிர்வதைக் கொண்டு பெயர்பெற்ற பொழுது ஒன்றேனும் இல்லை என்பது நோக்கத்தக்கது. இலையுதிர்காலம் என்னும் சொற்றொடரே பிறநாட்டுப் பருவமொன்றைத் தமிழிற் சுட்டுவதற்காக ஆக்கப்பட்டது. ஐரோப்பிய மரங்கள் இலையுதிர்த்து வெறுமையாய் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேதான் யாழ்ப்பாணம் மிகுந்த பசுமை கொள்கின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைக்கின்றது. மார்கழி, தை மாதங்களிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது.

இத்தகைய சூழலிலே குளிர்நாட்டு மரம் அடையும் நிலை பரிதாபத்துக்குரியது. அது வளரும்; தழைக்கும்; ஆனால் காய்க்காது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட ‘இலங்கை’ என்னும் தம் பெருநூலில் இதனை விளக்கியுள்ளார். நுவரெலியாவின் குளிர்ந்த மலைகளிற்கூட ஐரோப்பியப் பழமரங்கள் என்றும் பசுமையானவையாக மாறி, குளிர்கால ஓய்வின்மையாற் சோர்ந்து, மலடாக நிற்கின்றன என்பது அவர் கண்டது. மலைநாட்டின் நிலையே இதுவாயின் கடல் மட்டத்தை ஒட்டிய, சுண்ணக்கல்லின் மேலமைந்த, வெயில் காயும் குடாநாட்டில் முந்திரிகை காய்க்கும் என எதிர்பார்க்க இடமில்லை. ஆயினும் அந்நூலே யாழ்ப்பாணத்தில் முந்திரிகை காய்த்த செய்தியையும் தருகின்றது. அச்செய்திக்குச் செல்லுமுன், கத்தரித்தல் தொடர்பாக யாழ்ப்பாணத்தார் முன்னரே பெற்றிருந்த அனுபவத்தை நோக்குதல் பொருத்தமாகும்.

யாழ்ப்பாணத்தில் வெட்டின் மரபு

யாழ்ப்பாணக் குடியானவனுக்கு மரம் வெட்டித் தழைக்கவைத்தல் புதிய வித்தையன்று. அவனது வளவைச் சூழ்ந்திருந்த வேலியே உயிருள்ள மரங்களால் ஆனது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மழைக்காலத்தில் நட்டு, அவை வேர்கொண்டபின் ஆண்டுதோறும் தலையை வெட்டி, வெட்டிய குழையைத் தோட்டத்திலே தாழ்த்துவது இங்குள்ள வழமை. வெட்ட வெட்டத் தழைப்பது கதியாலின் இயல்பு. உயர்ந்த கிளையின் குழையை ஆட்டுக்கு அறுத்துப்போடக் கொக்கத்தடி இருந்தது. ஊர்க் குழை போதாதபோது தீவுப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் குழை கொண்டுவரப்பட்டது. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலை, இவ்வாறு தாழ்க்கப்பட்ட குழையின் உரத்தில் வளர்ந்ததாகும்.

புகையிலைச் செய்கையில் வேறொரு நுட்பமும் கையாளப்பட்டது. செடி பூவெடுக்குமுன் அதன் நுனியை முறித்துவிடுவர். பின் பக்கங்களிலே கிளைக்கும் குருத்துகளையும் கிள்ளிவிடுவர். பூவுக்கும் விதைக்கும் செல்லவேண்டிய சத்து இலைக்குச் சென்று, இலை தடித்துக் காரம் ஏறும். ஒரு செடியின் ஓரிடத்தில் வளர்ச்சியைத் தடுத்தால் வேறிடத்தில் அது பெருகும் என்னும் அடிப்படை உண்மையை யாழ்ப்பாணத்தான் ஏட்டிற் படிக்காது தன் விரல்நுனியில் அறிந்திருந்தான்.

எனினும் இவ்வெட்டுகள் யாவும் இலையை நோக்கியவை. வேலி மரத்தை வெட்டியது குழைக்காக. புகையிலையின் நுனியை முறித்தது இலைக்காக. பழத்தை நோக்கி வெட்டும் தேவை இங்கு மிகுதியாக எழவில்லை. மாவும் பலாவும் வாழையும் பனையும் வெப்பநாட்டுக்கே உரியவை. அவை தத்தம் பருவத்தைத் தாமே அறிந்து காய்த்தன. பருவமறியாது திகைத்து நின்ற முதற் கொடி முந்திரிகையே.

வேரைத் திறந்தமை

பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் 1829இல் யாழ்ப்பாணத்தின் நிருவாகப் பொறுப்பை ஏற்று, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, 1867இல் இறக்கும்வரை வடபகுதியை ஆண்ட அரசாங்க அதிபர் ஆவார். கச்சேரிக்கு அயலே மரங்கள் செறிந்த பழைய பூங்கா அவர் காலத்தில் உருவானது. அவர் மேற்கொண்ட முந்திரிகைச் சோதனையையே டெனன்ற் பதிவுசெய்துள்ளார். கொடிகள் இலையுதிர்க்காமலும் ஓய்வுகொள்ளாமலும் நின்றமையே அவை காயாமைக்குக் காரணம் என டைக் கருதினார். ஆகவே வேரைச் சுற்றியிருந்த மண்ணை அகற்றி, வேர்களை வெயிலிலே காயவிட்டார். நீர் உறிஞ்ச வழியற்ற கொடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்ந்தது. பின்னர் அது காய்த்தது.

குளிர் செய்யவேண்டிய தொழிலை வெயிலைக் கொண்டு செய்வித்தமையே இச்சோதனையின் சிறப்பு. மரத்துக்கு உண்மையில் வேண்டியிருந்தது பனியன்று. வளர்ச்சியில் ஓர் இடைநிறுத்தமே. குளிர்நாட்டில் அதனைக் குளிர் தருகின்றது. வறள்நாட்டில் வறட்சி தரக்கூடும். குளிரே தேவை என்ற எண்ணத்திலிருந்து ஓய்வே தேவை என்ற எண்ணத்துக்கு வந்தமை சிந்தனையில் ஏற்பட்ட முக்கியமானதொரு நகர்வு எனலாம்.

ஆயின் இம்முறை உலகுக்குப் புதிதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய உரோமரான கொலுமெல்லா, இலையுதிர்காலத்தில் முந்திரிகையின் அடியைத் திறந்து மேல்வேர்களைக் களையுமாறு கூறியுள்ளார். அங்கு நோக்கம் ஆழ்வேரை வலுப்படுத்துவதாக இருந்ததேயன்றிக் கொடியை உறங்கவைப்பதன்று. அதனைக் குளிர் தானே செய்தது. குளிரில்லாத தக்காணத்திலோ, மழை ஓய்ந்தபின் வேரைச் சில நாட்கள் வெயிலுக்குக் காட்டிக் கொடியை ஓயச்செய்யும் வழக்கம் மேற்கிந்திய உழவரிடையே நிலவியது. தௌலதாபாத்தில் முந்திரிகையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை பலன் தருவதாகப் பதினான்காம் நூற்றாண்டுப் பயணியாகிய இபன் பதூதா எழுதியுள்ளார். 1344இல் இலங்கை வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தவரும் இவரே. வெப்பநாட்டிலே கொடி இருபோகம் தரும் என்பது டைக்குக்கு 500 ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாசியா அறிந்திருந்த செய்தியாகும். நாசிக் பகுதி உழவர் கொடியைப் படரவிட உயிருள்ள முள்முருக்கையே ஊன்றினர். யாழ்ப்பாணத்து வேலியின் கதியாலும் அம்முள்முருக்கே என்பது சுவையானதோர் ஒற்றுமை.

இவ்விடத்திற் சமூக வரலாற்றாசிரியன் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. வேரைத் திறந்தவர் யார்? ஏட்டில் நிலைத்தது அதிபரின் பெயர். ஆனால் வேர் அறாமல் மண்ணை விலக்குவதும், எத்தனை நாள் வெயில் போதும் எனக் கொடியின் முகத்தைப் பார்த்து அறிவதும், உரிய வேளையில் மண்ணையும் எருவையும் இட்டு நீர் பாய்ச்சுவதும் அதிபரின் மேசையில் நடைபெறும் காரியங்கள் அல்ல. அவை மண்வெட்டி பிடித்த கையின் அறிவு. அக்கை பெரும்பாலும் நிலமற்றோரின் கையாக இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே. சட்டம் மாறிய பின்னரும் பிறர் நிலத்திற் கொத்தி இறைத்தவர்களின் நிலை உடனே மாறிவிடவில்லை. குடியேற்ற ஆட்சியின் நூல்கள் ஆணையிட்டவரைப் பெயர்சொல்லி நினைவுகூர்ந்தன. செய்தவரைத் தொழில் என்ற பொதுச்சொல்லில் அடக்கின. டைக்கின் சிந்தனையைப் போற்றுவதோடு அச்சிந்தனையை நிலத்திற் செய்துகாட்டிய கைகளையும் கணக்கிற் கொள்வதே நேர்மையான வரலாறாகும்.

வேரிலிருந்து கொடிக்கு

வேரைத் திறக்கும் முறையில் ஆபத்தும் உண்டு. சற்று மிகுந்தால் கொடி ஓய்வதற்குப் பதிலாக மாண்டுவிடும். ஒரு தோட்டத்தின் சில கொடிகளுக்குச் செய்யக்கூடிய இதனை, வாழ்வுக்குப் பயிர்செய்யும் உழவன் நூற்றுக்கணக்கான கொடிகளுக்குச் செய்தல் கடினம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை வர்த்தகப் பயிராக வளர்ந்தபோது, வேரின் இடத்தைக் கொடியும் மண்வெட்டியின் இடத்தைக் கத்தரிக்கோலும் பெற்றன. முன்பிருந்த மஸ்கற் முதலிய இனங்களுக்குப் பதிலாக இஸ்ரேல் புளூ என்னும் கருநீல இனம் பரவலாயிற்று. திருநெல்வேலியில் அமைந்த விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் குடாநாட்டின் பயிர்ச்செய்கைக்கு அறிவியல் துணையாக நின்றது.

இன்றைய முறை வருமாறு. கொடியை ஒரே தண்டாகத் தலைக்கு மேல் உயர்த்திப் பந்தலில் நாற்புறமும் படரவிடுவர். ஒரு போகம் முடிந்தபின் நீரைக் குறைத்துக் கொடியைச் சற்று ஓயவிடுவர். பின்பு முற்றிய கொடிகளை ஒவ்வொன்றிலும் சில கணுக்களை மட்டும் விட்டு வெட்டி, எஞ்சிய இலைகளையும் அகற்றிவிடுவர். பசுமையாக நிழல் தந்த பந்தல் ஒரே நாளில் வெறுங்கொம்பாகிவிடும். அவ்வேளை அதன் தோற்றம் ஐரோப்பியத் தோட்டமொன்றின் கார்த்திகை மாதத் தோற்றத்தையே ஒக்கும். வெட்டுவாய்க்குச் செம்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பூசி, எருவிட்டு நீர் பாய்ச்சினால், உறங்கிக் கிடந்த அரும்புகள் விரைவில் விழித்துத் தளிரோடு பூங்கொத்தையும் ஈனும்.

இதன் காரணம் தெளிவானது. முந்திரிகையின் பூங்கொத்து அது மலரும் பருவத்தில் உருவாவதன்று. முற்பட்ட வளர்ச்சிக் காலத்திலேயே, இலைக்கக்கத்து அரும்பினுள் நுண்ணிய வடிவில் அது உருவாகிவிடுகின்றது. ஆனால் கொடியின் நுனி வளர்ந்துகொண்டே இருக்கும்வரை, அந்நுனியின் ஆதிக்கம் கீழுள்ள அரும்புகளை விழிக்கவிடுவதில்லை. குளிர்நாட்டில் நுனியைக் குளிர் அடக்குகின்றது. யாழ்ப்பாணத்தில் அதனைக் கத்தி அடக்கவேண்டும். எனவே அங்குக் கத்தரித்தல் பருவத்தைப் பின்பற்றிச் செல்லும் தொழிலாகவும், இங்குப் பருவத்தையே ஆக்கும் தொழிலாகவும் அமைகின்றது.

பருவத்தை ஆக்குபவனுக்கு அதன் தேதியைக் குறிக்கும் உரிமையும் கிடைக்கின்றது. வெட்டு முதல் பழம் வரை ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதம் செல்லும். பூக்கும்போதோ பழுக்கும்போதோ மழை பெய்தால் பூஞ்சண நோய் பரவும், பழம் வெடிக்கும். ஆகவே யாழ்ப்பாணத்து உழவன் மழையிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டியவனாகின்றான். மழை ஓய்ந்து தையில் வெட்டினால் சித்திரையளவில் பழம் பறிக்கலாம். சிறிது ஓய்வளித்து ஆனியில் வெட்டினால் ஐப்பசி மழைக்கு முன் இரண்டாம் போகத்தை எடுத்துவிடலாம். குளிர்நாட்டின் நாட்காட்டியைப் பனி வரைகின்றது. யாழ்ப்பாணத்தின் முந்திரிகை நாட்காட்டியை மழையை மனத்திற்கொண்டு மனிதன் வரைகின்றான். இதே தன்மையதான செயல் வேறிடங்களிலும் உண்டு. இந்தோனேசியாவின் கிழக்கு யாவாவிலுள்ள பாத்து மலைப்பகுதியில் அப்பிள் பறித்து முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவி உதிர்த்து, ஆண்டுக்கு இரு போகம் எடுக்கின்றனர். தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலோ கத்தரிக்கும் நாளை மாற்றி மாற்றி வைப்பதன் மூலம் ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் அனுப்புகின்றனர்.

மலையகத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் தமிழ்த் தொழிலாளரின் திறனும் இவ்வகையிற் சேர்த்து எண்ணத்தக்கது. தேயிலையைப் பூக்கவிடாமல் இலைக்காக வெட்டுவது மலையகத்துக் கத்தி. முந்திரிகையை இலையிழக்கச் செய்து பழத்துக்காக வெட்டுவது குடாநாட்டுக் கத்தி. நோக்கம் எதிரெதிரானது. ஆயினும் இரண்டுமே ஓய்வில்லாத காலநிலையில் ஓய்வை ஆக்கும் தொழில்களாம்.

சந்தையும் போரும்

செயற்கைப் பருவம் ஒன்றை நிலைநிறுத்தப் பல துணைகள் வேண்டும். முதலாவது நீர். துலாவினால் இறைத்த காலத்தில் ஒரு கிணற்றின் நீர் எட்டக்கூடிய நிலம் மனித வலுவால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1950களிலும் 1960களிலும் பரவிய நீரிறைக்கும் இயந்திரம் அவ்வரையறையை நீக்கியது. இரண்டாவது சந்தை. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றால் யாழ்ப்பாண உழவன் பெற்ற பயன் நன்கறியப்பட்டது. வெளிநாட்டுப் பழம் அரிதாகிவிட்ட அக்காலம் முந்திரிகைக்கும் வாய்ப்பாக அமைந்தது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அப்பாதுகாப்பை நீக்கி, குடாநாட்டு விளைபொருளை உலகச் சந்தையின் போட்டிக்கு உட்படுத்தியது.

மூன்றாவது துணை மற்றிரண்டிலும் பெரிது. அது தோட்டத்தில் மனிதன் இருத்தல். 1990இல் யாழ்தேவியின் ஓட்டம் நின்றது. எரிபொருளும் உரமும் குடாநாட்டுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. அழுகும் பழத்துக்குத் தென்னிலங்கைச் சந்தை எட்டாததாயிற்று. எரிபொருளற்ற இயந்திரம் கிணற்றடியில் வெறுமனே கிடந்தது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கின் செம்மண் நிலங்களிலிருந்து மக்கள் பெயர்ந்தனர். அவற்றின் பெரும்பகுதி பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இன் பின் மீண்டும் திறந்தது. யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி திரும்பியது 2014இலேயே.

இந்நிகழ்வுகளை முந்திரிகைக் கொடியின் பக்கத்திலிருந்து நோக்கினால் ஓருண்மை புலப்படும். பனங்கூடல் தன்னைப் பேண ஆளில்லாத ஆண்டுகளிலும் நுங்கும் பழமும் தந்தது. மா தன் பருவத்திற் காய்த்துத் தரையிற் சொரிந்தது. வேலிக் கதியால் தலைவெட்டப்படாமல் மரமாக வளர்ந்தது. அவற்றின் பருவம் அவற்றினுள்ளேயே இருந்தது. முந்திரிகையின் பருவமோ உழவனின் கையில் இருந்தது. கத்தி படாத கொடி இலைமேல் இலையாகத் தழைக்கும், பந்தலுக்குள் வெயிலும் காற்றும் புகாமற் பூஞ்சணம் படரும், காய்ப்பு அருகும், நீரின்றேல் இறுதியிற் கொடியே பட்டுப்போகும். குளிர்நாட்டில் தோட்டக்காரன் ஓராண்டு வராவிடினும் குளிர்காலம் வரும். யாழ்ப்பாணத்து முந்திரிகைக்குத் தோட்டக்காரன் வந்தாலன்றிக் குளிர்காலம் இல்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து யாழ்ப்பாணத்து முந்திரிகை வரலாற்றில் இரு நிலைகளைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அதிபர் ஒருவரின் சோதனை. வேரைத் திறந்து வெயிலைக் குளிராக்கியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது குடியானவரின் தொழில். கொடியை வெட்டிக் கத்தியைக் குளிராக்கியது. முன்னையதிற் செய்தவரின் பெயர் மறைந்தது. பின்னையதிற் செய்தவரே சிந்தித்தவருமாயினர். குழை வெட்டியும் புகையிலை நுனி முறித்தும் தலைமுறைகளாகத் திரண்ட கையறிவு, பழத்தை நோக்கிய வெட்டிற்கும் அவர்களைப் பக்குவப்படுத்தியிருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

யாழ்ப்பாணத்தாரின் உழைப்பைப் பற்றிப் பேசுவோர் மண்ணின் வறுமையையும் நீரின் அருமையையும் சுட்டுவது வழக்கம். இயற்கை கொடாத நீரைக் கிணறு தோண்டி எடுத்தனர். இயற்கை கொடாத உரத்தைக் குழை சுமந்து இட்டனர் என்பர். அவ்வரிசையிற் சேர்க்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. இயற்கை கொடாத ஒரு பருவத்தையே அவர்கள் ஆக்கிக்கொண்டனர். கிணறும் வேலியும் உடையவன் இல்லாதபோதும் சில காலம் நிற்கும். பருவம் அவ்வாறு நிற்பதன்று. ஆண்டுதோறும், கொடிதோறும், கணுவை எண்ணி அதனைப் புதிதாக ஆக்கவேண்டும். இடம்பெயர்ந்தோர் மீண்ட வளவுகளில் முந்திரிகைப் பந்தல் மறுபடி எழுமிடத்து, அங்கு நடப்பட்டது ஒரு கொடி மட்டுமன்று. அடுத்த தையிலும் ஆனியிலும் தான் அந்நிலத்திலேயே இருப்பேன் என்னும் உழவனின் நம்பிக்கையும் அதனுடன் நடப்பட்டுள்ளது. அந்நம்பிக்கை பொய்க்காமல் இருப்பதற்கான நிலைமை நாட்டில் நிலவுமளவுக்கே யாழ்ப்பாணத்தில் முந்திரிகை காய்க்கும்.